எச்சில் ஊறும் நேரம்

இந்த முறை மாங்காயை நினைக்கக் கூடாது என்று மருதாசலம் தீர்மானித்துக்கொண்டான். தீர்மானித்த கணமே மாங்காய் வந்துவிட்டது. கிளிமூக்கு மாங்காய், தள்ளுவண்டியில் பூப்போல விரித்துக் கீறி வைத்தது, கீறலுக்குள் உப்பும் மிளகாய்த்தூளும் ஈரத்தில் கரைந்து சிவப்பாய் இறங்கிக்கொண்டிருப்பது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் சுருக்கென்று இழுத்தது. நாக்கின் கீழ் ஓர் ஊற்று திறந்துகொண்டது. விழுங்கினான். விழுங்கிய சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டதுபோலிருந்தது. எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்த மிருதுளா தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி அவனைப் பார்த்தாள். ஏழு வயதுக்கு அது கொஞ்சம் அதிகமான பார்வை. அப்பா, மறுபடியுமா என்று கேட்கிற பார்வை. அவள் பேச முடியாது. கீழுதட்டுக்கு அடியில் கோடு போட்ட பிளாஸ்டிக் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது, துப்பவும் கூடாது. அதுவாக ஊறி அதுவாக வழிய வேண்டும். ஐந்து நிமிஷம். முதல் முறை அவனால்தான் கெட்டது. பிள்ளை வாய் உலர்ந்து உட்கார்ந்திருக்கிறாளே, உதவி செய்வோம் என்று, "கண்ணு, மாங்கா நெனச்சுக்கோ, உப்பு மொளகாப்பொடி தொட்டு, நறுக்குனு கடிக்கறே பாரு" என்று அவன் ஆரம்பித்ததும் மிருதுளாவுக்கு முன்னால் பல் டாக்டர் ஃபர்ஹானாவுக்கு ஊறிவிட்டது. அவர் முகக்கவசத்துக்குள் விழுங்குவது தொண்டையில் தெரிந்தது. கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ரோஸ்லின் "அண்ணா, போதும்ங்ணா" என்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். "சார், நீங்க டெஸ்ட்டையே கெடுத்துட்டீங்க" என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே. "இது சும்மா இருக்கறப்ப எவ்வளவு ஊறுதுன்னு பாக்கறதுங்க. ஆசை காட்டுனா கல்லுக்கும் ஊறும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் வெக்கலாம். அப்ப நீங்க வாயே தொறக்கக் கூடாது." எனவே இப்போது இருவரும் பேசாமல் இருக்கிறார்கள். டாக்டர் கடிகாரத்தைத் தட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

சும்மா இருக்கும்போது ஊறுவது. அந்தச் சொல் அவனுக்குப் பிடித்திருந்தது. யாரும் கேட்காமல், எதையும் எதிர்பார்க்காமல், தூக்கத்தில்கூட நிற்காமல் ஊறிக்கொண்டிருப்பது. நாற்பத்தெட்டு வருஷம் இது தன் வாயில் நடந்துகொண்டிருக்கிறது என்பதை அவன் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில், மூக்கு மரத்துப்போகிற குளிரில், குழாய்களின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இரவுகளிலும் அது பாட்டுக்கு ஊறியிருக்கிறது. எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது, எவ்வளவு உப்பு, எவ்வளவு அமிலம், எங்கே அரிக்கும், எங்கே படியும் என்று பார்ப்பதுதான் அவன் வேலை. டாக்டர் விளக்கியபோது அதனால்தான் சட்டென்று பிடிபட்டது. பிடிபட்டதும் பயமும் வந்தது. பிள்ளையின் வாயைச் சிறு கண்ணாடியால் காட்டி, "இது புதுசா மொளச்ச கடைவாய்ப்பல்லுங்க சார். இது விழுந்து மொளைக்கற பல்லு இல்ல. இனி ஆயுசுக்கும் இதுதான். இதுல பாருங்க, சாக்பீஸ் தொட்ட மாதிரி வெள்ளையா ஒரு பொட்டு" என்றார். பார்த்தான். அரிசி நொய் அளவுக்கு ஒரு வெளுப்பு. "இது இன்னும் சொத்தை ஆகலீங்க. பல்லுல இருக்கற சுண்ணாம்புச் சத்து கரைஞ்சு வெளிய போயிருக்குது. நாம சாப்பிடறப்பவெல்லாம் வாய்க்குள்ள புளிச்சுப் போயி கொஞ்சம் கரையும். அப்பறம் எச்சில் வந்து அந்தப் புளிப்பை அடக்கி, கரைஞ்சதைத் திருப்பிக் கொண்டாந்து வெச்சுரும். நாள் முழுக்க இந்தப் போக்குவரத்துதான். பாப்பாவோட எச்சில் கெட்டியா நுரையாட்டம் இருக்குது. போறது போயிட்டே இருக்குது, வர்றது வர்லீன்னு நெனக்கறேன். டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். எச்சில் சரியா இருந்தா, இல்ல சரி பண்ண முடியும்னா, அந்தப் பொட்டு தானா ஆறிரும். இல்லீன்னா மெஷின் வெச்சுத் தொறந்து அடைச்சர்றதுதான் நல்லது." மெஷின் என்ற சொல்லைக் கேட்டதும் மிருதுளாவின் விரல்கள் அவன் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டன. இன்னும் சட்டையில் அந்த இடம் கசங்கியிருக்கிறது.

ஸ்கூட்டரில் வரும்போது சத்தியம் வாங்கியிருந்தாள். காற்றுக் காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டாள், "மெஷின் வெப்பாங்களாப்பா?" "வெக்க மாட்டாங்க." "சத்தியமா?" "சத்தியமா." ஏன் அப்படிச் சொன்னான்? தெரியாத ஒன்றைச் சத்தியம் பண்ணுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. வெளிநாட்டில், அபர்டீனில் இருந்தபோது, ஐந்து வயதில் அவளுக்கு ஒரு பால்பல்லைக் குடைந்தார்கள். அந்த ஓசை. அவன் எத்தனையோ துரப்பணங்களைக் கேட்டவன், கடல் அடித்தளத்தைக் குடைகிற ஓசையில் தூங்கியவன், அந்தச் சின்ன ஓசையில் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் தலைமுடி உலர்த்துகிற மெஷினைக் கண்டால்கூட அவளுக்கு ஆகாது. இப்போது அந்தச் சத்தியம் இந்தக் கப்பில் விழப்போகிற சில சொட்டுகளில் இருக்கிறது. இதுவரை ஒன்றும் விழவில்லை. இல்லை, விழுகிறது, கீழுதட்டின் நடுவில் ஒரு மினுமினுப்பு திரண்டு, தயங்கி, நூலாக நீண்டு, அறுந்து விழாமல் அப்படியே நின்றது. கிணற்றில் கயிறு விட்டதுபோல. அறாதே. அறுந்து விழு. எதை வேண்டிக்கொள்வது என்று அவனுக்கே தெரியவில்லை.

எச்சில். வீட்டில் எச்சில். பஞ்சாயத்துப் பள்ளியின் அறிவியல் புத்தகத்தில் உமிழ்நீர். ஆறாம் வகுப்பில் கான்வென்டுக்கு மாற்றியதும் சலைவா. மூன்றும் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. உமிழ்நீர் மாவுச் சத்தைச் செரிக்கிறது, மதிப்பெண் வாங்கித் தருகிறது. சலைவாவைப் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். எச்சில் மட்டும் படக் கூடாது. எச்சில் கையோடு தொடாதே, எச்சில் தட்டைத் தாண்டாதே, எச்சிலைத் தொட்டு சிலேட்டை அழிக்காதே, சரஸ்வதி கோவிச்சுக்கும். அவன் கோவக்காய் இலை தேடிப் போக நேரமில்லாத நாட்களில் எச்சிலால்தான் அழித்தான். சரஸ்வதி ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அதே வீட்டில், அவன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கன்னத்தில் திட்டாக நின்ற பவுடரை அம்மா முந்தானை நுனியை நாக்கில் தொட்டுத்தான் துடைத்துவிடுவாள். விடிகாலை எச்சிலை, பல் விளக்குவதற்கு முன், கட்டி மேல் தடவினால் அமுங்கும் என்பாள். அப்போது அது மருந்து. அம்மா கையில் மருந்து, அடுத்தவர் டம்ளரில் தீட்டு. அந்த ஈரமான முந்தானை நுனியின் வாசனை இப்போதும் கன்னத்தில் இருக்கிறது. வெற்றிலையும் வெயிலும் கலந்த ஒன்று. அதை ஒரு நாளும் அசிங்கமாக நினைத்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டதெல்லாம் பையன்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகத்தான்.

யார் மேல் தப்பு. பல் கூசுகிறது என்று அவள் சொன்னதிலிருந்து, மூன்று நாளாக, இதைச் சுற்றிச் சுற்றித்தான் மனசு வருகிறது. மனைவி தாரணி காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போதுகூட ஒரு காலில் செருப்பை மாட்டியபடி, "நீங்கதான், உங்கக்கா குடுத்தனுப்பற முறுக்கு, கடலமிட்டாயி எல்லாத்தையும் எடுத்து நீட்டறது நீங்கதான்" என்றாள். "ரெண்டு வேளை பல் வெளக்கறா, ராத்திரி பால் குடிச்சா கொப்புளிக்கறா, மிட்டாய் ஞாயித்துக்கெழமைதான்" என்று அவன் அடுக்கினான். "அப்ப உங்க பரம்பரை" என்று இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவன் அப்பாவுக்கு ஐம்பது வயதில் ஒரு பல்கூட இல்லை. அவனுக்கே இரண்டு கட்டுப்பல். பரம்பரை என்றால் ஒன்றும் செய்ய முடியாது, அப்படியானால் சத்தியமும் போயிற்று. ஆனால் அங்கே இருந்தபோது இந்தப் பொட்டு இல்லையே. புதுப்பல் இங்கே வந்துதான் முளைத்தது. இங்கே வந்து பத்து மாசம். திரும்பி வருவது என்று முடிவெடுத்தது அவன்தான். தாரணி சரி என்றாள், பிள்ளையை யாரும் கேட்கவில்லை. அந்த இடத்தில் நினைப்பு முள்ளில் மாட்டிய துணிபோல நின்றுவிடும். இழுத்தால் கிழியும். மெதுவாக விடுவித்துக்கொண்டு வேறு பக்கம் போவான். நல்லதையெல்லாம் எண்ணிக்கொள்வான். அவள் இப்போது தமிழில் சண்டை போடுகிறாள். தேங்காய்ச் சில்லைக் கடைவாயில் வைத்துக் கடிக்கிறாள். மருதமலைப் படியில் அவனுக்கு முன்னால் ஓடுகிறாள். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் அவன்தான் பையைத் திறப்பான். டிபன் டப்பாவில் பாதி மிச்சம் இருக்கும், ஆனால் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் காலியாக, சுத்தமாகக் காலியாக இருக்கும். அதில் அவனுக்கு ஒரு பெருமை. சிறுவாணித் தண்ணீர். அபர்டீனில் பனியும் மழையுமாக இருந்த சனிக்கிழமைகளில் மற்றவர்கள் ஊர் பெருமை பேசும்போது அவன் இந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பேசுவான். சர்க்கரை போடாமலே தித்திக்கும் என்பான். யாரும் நம்ப மாட்டார்கள். இப்போது அவன் மகள் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அதைக் குடித்துவிட்டு வருகிறாள்.

நூல் அறுந்து விழுந்தது. கப்பின் அடியில் ஒரு வெள்ளை நுரை. அவ்வளவுதான். அடுத்த சொட்டு திரளவே இல்லை. உதடு உலர்ந்து, ஓரத்தில் தோல் உரிந்து கிடந்தது. காற்றுக் காலம் என்று அவன்தான் தினமும் தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறான். அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சற்று முன், வெளியே காத்திருந்தபோது, சுவரோரம் தண்ணீர் இயந்திரத்தின் மேல் சங்கிலி கட்டிய ஒரு டம்ளர் இருந்தது. மிருதுளா எழுந்து போனாள். தண்ணீர் பிடித்தாள். டம்ளரை உதட்டருகே கொண்டுபோய், நிறுத்தி, சுற்றிலும் பார்த்தாள். பெஞ்சில் ஓர் அம்மாள் வீங்கின கன்னத்தோடு இருந்தார். இவள் டம்ளரை மெதுவாக உயர்த்தினாள், தலைக்கு மேல், அண்ணாந்தாள், வாயைத் திறந்தாள், பிறகு ஊற்றாமலே இறக்கி, தண்ணீரைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். டெஸ்டுக்கு முன்னால் குடிக்கக் கூடாதென்று ஞாபகம் வந்திருக்கும், சமர்த்து என்று நினைத்தான். ஆனால் அப்போது டெஸ்ட் என்ற பேச்சே வரவில்லையே. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் அல்லவா அது. அப்படியென்றால் ஏன் கவிழ்த்தாள்? டம்ளர் உயர்வதும் இறங்குவதும் மறுபடி மறுபடி வந்தது. உயர்கிறது, வாய் திறக்கிறது, இறங்குகிறது. இதை எங்கோ பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சியில் அக்கா வீட்டு விருந்து, வந்த புதிது. பந்தி முடிந்து செம்பு கை மாறிக்கொண்டிருந்தது. இவள் வாங்கி வாய் வைத்துக் குடித்தாள், அபர்டீனில் எல்லாப் பிள்ளைகளும் குடிப்பதுபோல. "அட சாமி, எச்சப் பண்ணிப்போட்டியே கண்ணு!" என்று அக்கா செம்பை வாங்கி வாழைமரத்தடியில் ஊற்றினாள். கோபமில்லை, சிரிப்புதான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து பால்கனியில் அவளுக்கு அண்ணாந்து குடிக்கக் கற்றுக்கொடுத்தான். மூக்கில் ஏறி, காதில் இறங்கி, சட்டை நனைந்து, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்த ஞாயிற்றுக்கிழமை. திரும்பி வந்ததிலேயே நல்ல நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வான். அவள் கற்றுக்கொண்டாளா? கற்றுக்கொண்டாள் என்றுதான் நினைத்தான். அந்த நாளின் முடிவு அவனுக்கு ஞாபகமில்லை. துண்டு எடுத்துத் துவட்டியது ஞாபகமிருக்கிறது, தோசை சாப்பிட்டது ஞாபகமிருக்கிறது, ஒரு வாய் தண்ணீராவது அவள் சரியாகக் குடித்தாளா என்பது மட்டும்.

கடிகாரம் கிணுகிணுத்தது. இருவரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். டாக்டர் வந்து கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு சிறு தாளை அதில் தொட்டு எடுத்தார். "பச்சை வந்தா நல்லா இருக்குதுன்னு அர்த்தம். செவப்பு வந்தா ரொம்பப் புளிப்பு." தாள் ஈரத்தில் கறுத்து, பிறகு யோசித்தது. மருதாசலத்துக்குச் செவப்பு என்ற சொல் காதில் நின்றுவிட்டது. சிவக்காதே. சங்கிலி டம்ளர் உயர்ந்து இறங்கியது. மாங்காய்க் கீறலில் மிளகாய்த்தூள் சிவப்பாய் இறங்கியது. தாள் மஞ்சளாயிற்று. பச்சைக்கும் போகாமல், சிவப்புக்கும் போகாமல், பழுத்த இலைபோல ஒரு மஞ்சள். "நடுவுல நிக்குது" என்றார் டாக்டர். "அளவும் கம்மிதான். ஆனா மொதல்ல நீங்க மாங்கா சொன்னப்ப நல்லாவே ஊறுச்சு. ஊத்துக்கண்ணு அடைக்கல. வேற என்னமோ..." அவர் முக்காலியை இழுத்து மிருதுளாவின் முன் உட்கார்ந்தார். "பாப்பா, இஸ்கோல்ல தண்ணி குடிப்பியா?" மிருதுளா அப்பாவைப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது இன்னும் அமலில் இருந்தது. "மாட்டேன்" என்றாள். "ஏன் தங்கம், பாத்ரூம் போகோணும்னா?" "இல்ல. எச்சில் ஆயிடும்." "உம்பட பாட்டில்தானே?" "என்துதான். ஆனா லஞ்ச்ல எல்லாரும் எல்லாத்து பாட்டில்லயும் குடிப்பாங்க. அண்ணாந்துதான் குடிக்கணும். நான் வாய் வெச்சா உவ்வேன்னு தள்ளிப் போயிடுவாங்க. அண்ணாந்து குடிச்சா கொட்டிடுது. யூனிஃபார்ம்ல கொட்டினா வேற மாதிரி சிரிக்கறாங்க." "அப்பறம் பாட்டில் தண்ணி எங்க போவுது?" "வேப்ப மரத்துக்கு." சற்று யோசித்துச் சேர்த்தாள், "அது எச்சில் எல்லாம் பாக்காது." ரோஸ்லின் திரும்பிக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை, மிகவும் மரியாதையோடு தலையசைத்தார். "மரம் இன்னேரம் பெருசா வளந்திருக்குமே." "வளந்திருக்கு" என்றாள் மிருதுளா.

மருதாசலம் சுவரிலிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பல்லுக்கு வேர் மூன்றா இரண்டா என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது, அவனால் எண்ண முடியவில்லை. தினமும் காலியாக வந்த பாட்டில். அதைக் கவிழ்த்துப் பார்த்து, கடைசிச் சொட்டும் இல்லை என்று மகிழ்ந்து, மறுநாளைக்குக் கழுவி வைத்தவன். சிறுவாணித் தண்ணீர் ஒரு வேப்ப மரத்துக்குப் போயிருக்கிறது. குழாயில் வரவு குறைந்தால் எங்கே அடைப்பு என்று மணிக்கணக்காகத் தேடியிருக்கிறான், கடலுக்கு அடியில்கூடக் கண்டுபிடித்திருக்கிறான். வலித்தது. ஆனால் அந்த வலிக்குள் இன்னொன்றும் இருந்தது, அதை என்னவென்று சொல்வது, ஒரு பெரிய ஆறுதல். பரம்பரை இல்லை. திரும்பி வந்ததும் இல்லை. காற்றும் இல்லை. வெறும் தண்ணீர். "தண்ணியே குடிக்காம நாள் முழுக்க இருந்தா எச்சில் எப்படிங்க சார் ஊறும்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். "வாய் வெச்சே குடிக்கட்டும். மிஸ்கிட்ட நான் ஒரு வார்த்தை எழுதித் தர்றேன், அவ பாட்டில் அவளுக்கு மட்டும்னு. இன்னிக்குப் பல்லு மேல ஒரு பூச்சு தடவி விடறேன். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, மறுபடியும் இந்தக் கப்பு. எனக்கு நம்பிக்கை இருக்குது, அந்தப் பொட்டு ஆறிரும்." மருதாசலம் கேட்டான், பேசலாமா என்று தெரியாமல் கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அப்ப மெஷின்?" "மெஷின் எதுக்குங்க இப்ப?" மிருதுளா முக்காலியிலிருந்து குதித்தாள். குதித்த வேகத்தில் கப் உருண்டது. அதில் கொட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பூச்சு தடவி, அது காய்ந்து, கொஞ்ச நேரம் எதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் படியிறங்கி வெளியே வந்தபோது காற்று ஆளைத் தூக்கியது. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்தான். காலையில் அவன் நிரப்பியது. மிருதுளா வாங்கி, பழக்கத்தில் சுற்றிலும் பார்த்தாள். தெருவில் யாருக்கும் அவளைப் பார்க்க நேரமில்லை. வாய் வைத்துக் குடித்தாள். தொண்டை மேலும் கீழும் போவதை அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பாதி பாட்டில் போயிற்று. மூச்சு வாங்கிக்கொண்டு அவனிடம் நீட்டினாள். வாங்கினான், கை தானாக உயர்ந்தது, தலை தானாக அண்ணாந்தது, நாற்பத்தெட்டு வருஷப் பழக்கம். கையை இறக்கினான். பாட்டிலின் விளிம்பில் அவள் உதடு பட்ட இடம் ஈரமாக மினுங்கியது. அந்த இடத்திலேயே வாய் வைத்தான். "அப்பா, எச்சில்!" என்று அவள் கத்தினாள், பாதி சிரிப்பும் பாதி அதிர்ச்சியுமாக. "யாருது?" "என்துதான்!" "அப்பச் செரி" என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்தான். குளிர்ச்சியாக இருந்தது. தித்தித்தது. முந்தானை நுனியின் ஈரம் கன்னத்தில் பட்டதுபோல ஒரு கணம். எதிர்ச்சாரியில் தள்ளுவண்டிக்காரர் காற்றுக்குக் குறுக்காக ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு மாங்காயைக் கீறிக்கொண்டிருந்தார், மிளகாய்த்தூள் பறந்துவிடாமல். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். வாங்க முடியாது, பூச்சு பல்லில் நன்றாகப் பிடிக்க இன்னும் நேரமாகும், இன்றைக்குப் புளிப்பு கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மிருதுளா அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். வாயை மூடிக்கொண்டு, கன்னம் உப்ப, ஏதோ சொல்ல முயன்றாள். தலையை ஆட்டினாள். உதட்டோரத்தில் ஒரு துளி மினுமினுத்தது, தெளிவாக, நுரையில்லாமல். "அப்பா, ஊறுது, என்ன பண்ண?" என்று குளறினாள். கப் இல்லை, கடிகாரம் இல்லை. "முழுங்கிக்கோ கண்ணு" என்றான் அவன், தன்னுடையதை விழுங்கிக்கொண்டே.